மூட்டைக்குக் குலுங்காத கார்

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய கார்களைத் தேடிப் பிடித்து வாங்கி, புதிது போலாக்கி ஓட்டுவது அவருடைய ஆசையாம். முன்னொரு காலத்தில் எங்கள் வாப்பா வைத்திருந்த அதே இனக் கார் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் பின்பக்க ஸ்பிரிங்குகள் போய்விட்டன. எங்கள் வளவில் அந்தக் காரின் ஸ்பிரிங் கிடக்கிறதென்று யாரோ சொல்ல, எங்கள் ஊர் மாவடிப்பள்ளிவரை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வில் போல வளைந்த இரும்புத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்டு, இரண்டு அடுக்குகள். வந்தவர் ஒரு அடுக்கைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. குந்தியிருந்து துருவைச் சுரண்டினார். "இத்தனை வருஷமாகியும் ஒரு வெடிப்புக்கூட இல்லையே" என்றார். இல்லைதான் என்றேன். "இது கம்பெனியின் ஸ்பிரிங் இல்லைப்போல." எங்கள் வாப்பா தெரிந்தெடுத்தது என்றேன். என்ன விலை என்று கேட்டார். விலைக்குமில்லை, சும்மாவுமில்லை என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, மனுஷனின் முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இந்த வயதில் எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். குறையவில்லை. அந்த இரும்பு யாருக்கும் போகக்கூடாது. இன்னொரு காருக்குக் கீழே ஏறவே கூடாது. ஏன் என்று அந்த மனுஷனுக்குச் சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் எங்கள் ஊரில் கார் என்றால் வாப்பாவின் கார்தான். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. எங்களிடம் வரும்போதே அதற்கு நன்றாக வயதாகியிருந்தது. கறுப்பு நிறம், தோல் சீட், பின்னுக்குச் சாமான் கட்ட ஒரு இரும்புத் தட்டு. வாப்பாவுக்கு ஏக்கர் கணக்கில் வயல், ஊரில் எல்லாருக்கும் அவர் போடியார். ஆனால் காரோட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதுமில்லை. காரைதீவிலிருந்து ஒரு தமிழ் ஆளைச் சாரதியாக வைத்திருந்தார். நல்ல மனுஷன், அதிகம் கதைக்கமாட்டார். வாப்பா எங்கே போனாலும் அவருக்குப் பக்கத்தில், முன் சீட்டில்தான் இருப்பார். தெருவில் போகிறவர்கள் சலாம் சொன்னால் கையைத் தூக்க அதுதான் வசதி.

பின் சீட் பெண்களுக்கு. உம்மா பச்சைச் சீத்தைத் துணியில் எல்லாக் கண்ணாடிகளுக்கும் திரை தைத்துப் போட்டிருந்தார். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவிலும் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் ஏறிவிட்டால் எங்களுக்கு வாய் கிடையாது. சாரதி அந்நிய ஆண், அவருடைய காதில் எங்கள் குரல் விழக்கூடாது. வாப்பா ஏதாவது கேட்டால் மெல்ல "ஓம் வாப்பா" என்று சொல்லலாம், அவ்வளவுதான். காரைதீவு தாண்டி, சாய்ந்தமருது தாண்டி, கல்முனைக்குப் போகிற றோட்டை நான் கண்ணால் கண்டது குறைவு. கருவாட்டு வாசம் வந்தால் சாய்ந்தமருது, பஸ் ஹோர்ன் கூடினால் கல்முனை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான்.

அந்தக் காரின் ஸ்பிரிங் எங்கள் வீட்டில் பெரிய கதையானது என் தங்கையால்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டும் வீட்டில் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது கல்முனை ஆசுபத்திரியில் காட்டினோம். அங்கே ஒரு லேடி டொக்டர், வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த முறை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் இரத்தம் பட்டாலும் உடனே கொண்டுவர வேண்டும், மாட்டு வண்டிலில் ஏற்றவே கூடாது, கார் இருந்தால் காரில். "ஆனா குலுங்காமல் கொண்டு வாங்க" என்றார். அந்தச் சொல்லை உம்மா வீட்டுக்கு வந்து பல தடவை சொன்னார். சமைக்கும்போது சொன்னார், தொழுகைப் பாயில் இருந்துகொண்டு சொன்னார்.

கார் இருந்தது, சரி. ஆனால் அது குலுங்காமல் போகிற நிலையில் இல்லை. அந்த மாரிக்கு வந்த வெள்ளம் எங்கள் கிறவல் றோட்டை அரித்துத் தின்றுவிட்டிருந்தது. மாவடிப்பள்ளிக்கும் காரைதீவுக்கும் நடுவில், வயல்வெளியில், தண்ணீர் மேலால் ஓடும் தாம்போதி ஒன்று உண்டு. அதன் இரண்டு பக்கமும் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. அதில் ஒரு பள்ளத்தில் விழுந்து காரின் பின் ஸ்பிரிங்கில் தகடுகள் முறிந்தன. அதற்குப் பிறகு கார் ஒரு பக்கம் சரிந்தபடி போகும், சின்னக் குழிக்கும் அடிவயிறு இடிபடும். வாப்பா புதிதாக ஸ்பிரிங் போடுவதென்று முடிவெடுத்தார். தங்கைக்காகத்தான். இதை நான் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். அவர் எங்கள் இருவரில் அவளைத்தான் கூடப் பாசமாக வளர்த்தார். அதில் எனக்கு அந்த நாளில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

தங்கையின் மாப்பிள்ளை கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. லீவில் வந்திருந்தவர் விறாந்தையில் வாப்பாவோடு இருந்து விளக்கமாகச் சொன்னார். கார் செய்த கம்பெனியின் ஸ்பிரிங் இப்போது வருவதில்லை, ஆனால் அதே காருக்கென்று வேறு கம்பெனி செய்த ஸ்பிரிங் கொழும்பில் கிடைக்கிறது. மெல்லிய தகடு, நன்றாக வளைந்து கொடுக்கும், ரயிலில் மட்டக்களப்புக்கு அனுப்பிவிடலாம். நானும் தங்கையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மெல்லிசா?" என்றார் வாப்பா. "கொழும்புல தார் றோட்டு தம்பி. எங்கட றோட்டுல அது எத்தின நாளைக்கு நிக்கும்?"

"மாமா, மெல்லிசா இருந்தாத்தான் குலுங்காது."

"முறிஞ்சா? இவளையும் ஏத்திக்கிட்டுப் போகக்க தாம்போதியடியில முறிஞ்சா? வயலுக்க நடுவுல என்ன செய்யிற?"

மாமனாரோடு வாதாடுகிற ஆளில்லை மாப்பிள்ளை. லீவு முடிந்து போய்விட்டார். வாப்பாவின் பயம் பொய்ப் பயமுமில்லை. ஒரு தடவை முறிந்ததை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

பிறகு தேடல் தொடங்கியது. அக்கரைப்பற்றில் இதே காரொன்று ஓடாமல் கிடக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். அதன் ஸ்பிரிங்கை ஆட்டிப் பார்த்தபோது துரு கொட்டியதாம். மட்டக்களப்பில் ஒரு பஸ் முதலாளியின் வளவில் உலக யுத்த காலத்துப் பட்டாள லொறிகளின் ஸ்பிரிங் தகடுகள் குவிந்து கிடந்தன. அதில் சிலவற்றைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் வாசல் கடப்படியில் அவற்றைப் போட்ட சத்தத்தில் கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. அஸர் தொழுதுவிட்டு வருகிற ஆண்களெல்லாம் அன்றிலிருந்து எங்கள் வளவில்தான். ஒவ்வொருவரும் ஒரு தகட்டைத் தூக்கிப் பார்ப்பார், மண்வெட்டிப் பிடியால் தட்டிப் பார்ப்பார், ஏறி நின்று பார்ப்பார். ஜென்மத்தில் கார் வைத்திராதவர்கள்தான் அதிகமாக யோசனை சொன்னார்கள்.

"போடியார், இது யானை ஏறினாலும் முறியாது."

"அஞ்சு தகடு போதும்."

"அஞ்சு என்னத்துக்குக் காணும்? பத்துப் போடுங்க, பேரன்ட காலத்துக்கும் நிக்கும்."

முறியாது, முறியாது என்பதுதான் எல்லார் வாயிலும். லேடி டொக்டர் சொன்ன சொல் விறாந்தையைத் தாண்டி அந்தக் கூட்டத்துக்குள் போகவேயில்லை. எப்படிப் போகும்? பெண்பிள்ளையின் வயிற்றைப் பற்றி வளவில் நின்று ஆண்கள் கதைப்பார்களா? எதற்காக ஸ்பிரிங் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் அதை வாயால் சொல்லவில்லை. அறுவடைக்கு நெல் ஏற்ற என்பது போலவே கதை நடந்தது.

கல்முனையிலிருந்து கொல்லரைக் கூட்டிவந்து, லொறித் தகடுகளைக் காரின் அளவுக்கு வெட்டி, உலையில் வைத்து வளைத்து, அடுக்கிக் கட்டிப் பூட்டினார்கள். பூட்டிய பிறகு காரின் பின்பக்கம் உயர்ந்து, தலையைக் குனிந்த மாடு மாதிரி நின்றது. முன்பக்கத்தில் துரையின் பழைய ஸ்பிரிங்தான். அது நன்றாக இருந்ததால் தொடவில்லை.

ஒன்றை நான் மறுக்கமாட்டேன். வாப்பா குலுங்கலைச் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. சோதித்தார். அந்தச் சோதனைதான் எங்களை ஏமாற்றியது.

பின் சீட்டில் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் நின்று மெல்ல, "நான் ஏறிப் பாக்கட்டா வாப்பா?" என்று கேட்டேன். வளவில் கொல்லர் நிற்கிறார், சாரதி நிற்கிறார், ஊர் ஆண்கள் பாதிப்பேர் நிற்கிறார்கள். வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ உள்ள போ புள்ள. ஆம்பிளையள் இவ்வளவு பேர் நிக்கக்க நீ ஏறிக் காட்டப்போறியா?"

அப்படியானால் ஒரு ஆண் பின்னால் ஏறியிருக்கலாம். அதுவும் நடக்கவில்லை. திரை போட்ட பெண்கள் சீட்டில் போய் இருக்க எந்த ஆணுக்கும் கூச்சம். அப்போது வாப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று பெண்களின் பாரம்தானே, அதைவிடக் கூடவே வைத்துப் பார்ப்போம் என்று நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து பின் சீட்டிலும் காலடியிலும் அடுக்கச் சொன்னார். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். கார் தாம்போதியைத் தாண்டி, காரைதீவுச் சந்திவரை போய்த் திரும்பியது. வந்து நின்றதும் வாப்பா பின் கதவைத் திறந்து, செம்பை இரண்டு கையாலும் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"இவ்வளவு பாரத்துக்கே குலுங்கல்ல. மூணு பொம்புளைக்குக் குலுங்குமா?" என்றார்.

நியாயம் என்றே எல்லாருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. தங்கை கதவிடுக்கால் அந்தச் செம்பைப் பார்த்துக் கண் கலங்கினாள். "வாப்பா எனக்காண்டி எவ்வளவு பாடுபடுறாங்க, பாத்தீங்களா ராத்தா" என்றாள். உம்மா அன்று மாலையே தேங்காய்ப்பால் ஊற்றிப் பாச்சோறு ஆக்கி அயல் வீடுகளுக்கெல்லாம் அனுப்பினார்.

அதற்குப் பிறகு பெண்கள் யாரும் காரில் ஏறவில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு காலையில் தங்கைக்கு இரத்தம் பட்டது. நாள் இன்னும் இருந்தது, வலியுமில்லை. ஒருவரும் கத்தவில்லை. எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தது. கார் கடப்படிக்கு வந்தது. அவளைப் பின் சீட்டில் கிடத்தினோம், தலை என் மடியில், கால் உம்மாவின் மடியில். வாப்பா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முன்னால் ஏறி, சத்தமாக பிஸ்மில்லாஹ் சொன்னார்.

கடப்பைத் தாண்டி முதல் குழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கார் எங்களைத் தூக்கி எறிந்தது. சீட்டிலிருந்து மூன்று பேரும் மேலே போய் விழுந்தோம். தங்கையின் தலை என் மடியைவிட்டு உயர்ந்து, என் முழங்காலில் வந்து இடித்தது. அடுத்த குழியிலும் அப்படியே. கீழே ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாதது போல, றோட்டின் ஒவ்வொரு கல்லும் நேரே எங்கள் முதுகெலும்புக்கு வந்தது.

முன்னாலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது. "எப்பிடி மகள்? தொட்டில் மாதிரிப் போகுதுதானே?"

அவர் இருந்தது துரையின் மெத்தென்ற முன் ஸ்பிரிங்கின் மேல். அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஓம் வாப்பா. நல்லா இரிக்கி" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். உம்மா உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் திரையைக் காட்டினார். தங்கை என் கையைப் பிடித்து, முணுமுணுப்பாக, "சொல்லாதீங்க ராத்தா. எனக்காண்டித்தானே போட்ட. வாப்பா நொந்துபோவாங்க" என்றாள். உம்மாவுக்கு அந்நிய ஆணின் காது, தங்கைக்கு வாப்பாவின் மனசு. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய வயிறு கிடந்து இடிபட்டது.

பின்னாலிருந்து ஒரு முனகல்கூட வராததால் கார் நன்றாக ஓடுகிறதென்று சாரதி நம்பினார். நம்பி, ஆசுபத்திரிக்குக் கெதியாகப் போக வேண்டுமே என்று இன்னும் மிதித்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அடக்கத்தை அவர் காரின் திறமையென்று எடுத்துக்கொண்டார், வேறெப்படி எடுப்பது? தாம்போதிக்கு இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் கார் இறங்கி ஏறியபோது தங்கையின் உடம்பு முழுதும் ஒருமுறை முறுக்கி விட்டது. என் கையை நசுக்கிய விரல்கள் தளர்ந்தன. உம்மாவின் மடி நனைந்திருந்தது. அது வெறும் ஈரமில்லை.

நடுத் திரையைப் பிடித்து இழுத்தேன். கோத்திருந்த கம்பியோடு கையில் வந்துவிட்டது. "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். வீட்டு ஆண்களைத் தவிர வேறொரு ஆண் என் குரலை உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. கார் சறுக்கி நின்றது.

வாப்பா திரும்பினார். முதலில் அவருடைய முகத்தில் வந்தது கோபம், அதை நான் கண்டேன். பிறகு தங்கையின் முகத்தையும் உம்மாவின் மடியையும் பார்த்தார். கோபம் போய், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

"பின்னால பாரம் இல்ல வாப்பா" என்றேன். "வெறும் வண்டில் மாதிரித் தூக்கி அடிக்கிது. மூட்டை ஏத்துங்க."

எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. நெல் ஏற்றிய வண்டில் அசைந்து அசைந்து சுகமாகப் போகும். நெல்லை இறக்கிவிட்டு வெறுமையாக வருகிற வண்டிலில் இருந்தால் பல்லெல்லாம் ஆடும், சின்னப் பிள்ளைகள்கூடக் குதித்து இறங்கி நடந்து வருவார்கள். பிறந்த நாளிலிருந்து வண்டிலில் ஏறிய ஊர். ஆனால் கார் என்றதும் எல்லாருக்கும் அது மறந்துபோனது. வளவில் நின்று யானையைப் பற்றிக் கதைத்த ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எனக்கும் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் வந்தது.

றோட்டோரத்துக் களத்தில் யாரோ நெற்சூடு மிதித்து மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். வாப்பா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. களத்துக்காரரிடம் ஒரு சொல் சொன்னாரோ இல்லையோ, வெள்ளைச் சட்டையோடு ஒரு மூட்டையைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய வயலில் எத்தனையோ பேர் மூட்டை சுமப்பார்கள், அவர் சுமந்தது கிடையாது. சாரதியும் களத்து ஆட்களும் பின்னால் சுமந்து வந்தார்கள். எங்கள் காலடியில் திணித்தார்கள், பின் தட்டில் அடுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். ஒருவரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கார் அன்று செம்போடு போனது போலவே போனது. தாம்போதி போனதே தெரியவில்லை. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை. அந்தச் சுகமான ஓட்டத்தை நான் வெறுத்தது போல என் ஆயுளில் எதையும் வெறுத்ததில்லை. தங்கை கண்ணை மூடியிருந்தாள். "இப்ப குலுங்கல்ல" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

ஆசுபத்திரியில் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை அழவில்லை. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி, வாப்பாவின் மூக்கு. மூன்றாவதும் போய்விட்டது. இனிமேல் அவளுக்குப் பிள்ளை தங்காது என்பதையும் அந்த லேடி டொக்டர் அன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிட்டார்.

நான் அவரைத் தாழ்வாரத்தில் மறித்துக் கேட்டேன், றோட்டில் குலுங்கியதாலா என்று. என் தோளில் கையை வைத்தார். "சொல்ல முடியாது. வீட்டில் படுத்திருந்தாலும் இது நடந்திருக்கலாம்" என்றார். நல்ல மனதோடு சொன்னது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருடங்களாகப் போராடிவிட்டேன். அது எனக்கு ஒரு நாளும் உதவவில்லை.

உம்மா தங்கையோடு நின்றுகொண்டார். வீட்டில் என் பிள்ளைகள் தனியே. உடுப்பும் எடுத்துவர வேண்டும், நான் வாப்பாவோடு திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி வாப்பாவின் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஊர் மையவாடியில் அன்றைக்கே அடக்க வேண்டும். சாரதி இதற்கிடையில் போய், களத்துக்காரரின் மூட்டைகளை அவரிடமே இறக்கிவிட்டு வந்து நின்றார். வழக்கம் போல முன் கதவைத் திறந்து பிடித்தார்.

வாப்பா அந்தக் கதவைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு நடந்து வந்து, பின் கதவால் ஏறி, எனக்குப் பக்கத்தில், பெண்கள் சீட்டில் இருந்தார். கிழிந்த திரை இன்னும் காலடியில் கிடந்தது.

சாரதிக்கு விளங்கிவிட்டது. "போடியார், கடையில ரெண்டு மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போவமா?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"வேணாம்" என்றார் வாப்பா. "சும்மா போங்க."

தார் றோட்டில் பெரிதாகத் தெரியவில்லை. காரைதீவுச் சந்தியால் திரும்பி எங்கள் கிறவல் றோட்டுக்கு இறங்கியதும் தொடங்கியது. முதல் குழியில் வாப்பாவின் தலை மேலே இடித்துத் தொப்பி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அடுத்த குழி, அதற்கடுத்த குழி. அவர் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை நான் எந்த மவுத்து வீட்டிலும் கண்டதில்லை.

"இப்பிடியா இருந்த?"

"ஓம் வாப்பா."

"அவள் நல்லா இரிக்கி எண்டாளே."

எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம், அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் ஒன்றையும் செய்ய முடியவில்லை.

தாம்போதிப் பள்ளம் தெரிந்ததும் வாப்பா பிள்ளையை மடியிலிருந்து தூக்கினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மடியிலோ நெஞ்சிலோ படாமல், நடுவில் ஏந்திக்கொண்டார். பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் ஒவ்வொரு குழிக்கும் அவருடைய உடம்பு அங்குமிங்கும் மோதியது. கை மட்டும் அசையாமல் இருக்கப் பார்த்தார். வயதான கை தாழத் தாழ, திரும்பத் திரும்ப உயர்த்தினார். ஊர் வரைக்கும் இன்னும் தூரம் இருந்தது.

"மடியில வைங்க வாப்பா" என்றேன். "கை நோகும்."

"வேணாம் புள்ள" என்றார். "மடியில வெச்சா குலுங்கும்."